தேசபக்திக்கு வசூல் வைத்த மனிதர்: ஹொரேஷியோ பாட்டம்லி வழக்கு

1914 ஜூலைக் கடைசியில் ஐரோப்பா போரை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தபோது, லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஜான் புல்’ வார இதழ் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது. செர்பியா சதிகாரர்களின் கூடாரம், அதை வரைபடத்திலிருந்தே அழித்துவிட வேண்டும் என்று எழுதியது. ஆகஸ்ட் 4ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. செர்பியா ஒரே நாளில் நேச நாடாகிவிட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே இதழ், அதே ஆசிரியர், இப்போது ஜெர்மனியை வரைபடத்திலிருந்து அழிக்கச் சொன்னார். முதலில் எழுதியதற்கு ஒரு விளக்கமும் கிடையாது.

அந்த ஆசிரியரின் பெயர் ஹொரேஷியோ பாட்டம்லி. அடுத்த நான்கு ஆண்டுகள் பிரிட்டனில் தேசபக்தி என்றாலே சாதாரண ஜனங்களுக்கு நினைவுக்கு வந்த முகங்களில் ஒன்று அவருடையது. எட்டு ஆண்டுகள் கழித்து, போரில் மகனைப் பறிகொடுத்தவர்களும் கைகால் இழந்து திரும்பியவர்களும் சேர்த்து வைத்த காசைச் சுருட்டியதற்காக ஏழு ஆண்டு கடுங்காவல் பெற்றார். பெரிய மோசடிக்காரர்களின் பட்டியலில் அவர் பெயர் எப்போதும் வரும். ஆனால் மோசடியைத் தனியாகவும் தேசபக்தியைத் தனியாகவும் வைத்து இந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தேசபக்தி முழக்கம்தான் அந்த மோசடிக்கு முதலீடு. அந்த முதலீடு எப்படித் திரட்டப்பட்டது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

போருக்கு முந்தைய மனிதர்

பாட்டம்லி 1860இல் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, பர்மிங்காம் அருகே ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். எடுபிடி வேலை, வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா, பிறகு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சட்டமும் சாட்சி விசாரணையும் நடக்கும் விதத்தை அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தன் வழக்குகளைத் தானே வாதாடியதற்கு அந்தப் படிப்புதான் காரணம்.

1889இல் அவர் தொடங்கிய ஹான்சார்ட் பதிப்பகக் கம்பெனி இரண்டே ஆண்டில் மூழ்கியது. 1893இல் மோசடி வழக்கு. தானே வாதாடி விடுதலையானார். அதன் பிறகு மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களின் பெயரில் கம்பெனிக்கு மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார். கம்பெனிகள் கவிழ்ந்தன, அவர் பணக்காரரானார். 1906இல் லிபரல் கட்சி சார்பில் தெற்கு ஹாக்னி தொகுதி எம்.பி. ஆனதும், ‘ஜான் புல்’ இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஏமாந்த ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கில் 50,000 பவுண்டு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1912இல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். திவாலானவர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது என்பதால் பதவியும் போயிற்று. சசெக்ஸில் இருந்த மாளிகை மட்டும் போகவில்லை. சொத்துகளை ஏற்கெனவே சொந்தக்காரர்கள் பெயருக்கு மாற்றி வைத்திருந்தார். பந்தயக் குதிரைகளும் ஷாம்பெயினும் முன்போலவே தொடர்ந்தன.

இதழின் பெயரில் பரிசுப் போட்டிகளும் நடந்தன. 1914 டெர்பி குதிரைப் பந்தயத்தை ஒட்டி நடத்திய போட்டியில் 25,000 பவுண்டு முதல் பரிசு பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த ஒரு கண் தெரியாத பெண்மணிக்கு விழுந்ததாக அறிவித்தார்கள். அந்தப் பெண்மணி பாட்டம்லியின் கூட்டாளி ஒருவருக்கு உறவு. 250 பவுண்டு மட்டும் அவருக்குப் போனது, மீதியெல்லாம் பாட்டம்லிக்கே வந்து சேர்ந்தது என்று அந்தக் கூட்டாளியே பின்னாளில் சொன்னார்.

போர் வந்தபோது அவருக்கு வயது 54. பெயர் கெட்டுப் போயிருந்தது, பதவி இல்லை, கடன்காரர்கள் காத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் தன் செயலாளர் ஹெளஸ்டனிடம் அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் பேச்சு முக்கியமானது. இந்தப் போர் எனக்குக் கிடைத்த வாய்ப்பு, ஆகஸ்ட் 4க்கு முன்பு நான் எப்படி இருந்திருந்தாலும் சரி, அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கப் போகிறேன் என்றார். அந்த நிமிடத்தில் அவர் மனதாரத்தான் சொன்னார் என்று ஹெளஸ்டன் நம்பினார். நானும் அதை நம்பத் தயாராக இருக்கிறேன். மனதாரச் சொல்லியும் இப்படித்தான் முடிந்தது என்பது இந்த வழக்கை இன்னும் மோசமாக்குகிறது.

மேடை

1914 செப்டம்பர் 14. லண்டன் ஆபரா ஹவுஸில் பெரிய தேசபக்திக் கூட்டம். (எட்டு நாள் கழித்து எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது என்று சொன்னால் நம் வாசகர்களுக்குக் காலம் சட்டென்று பிடிபடும்.) கட்டாய ராணுவச் சேவை 1916 ஜனவரியில்தான் சட்டமானது. அதுவரை பிரிட்டிஷ் ராணுவம் முழுக்கத் தன்னார்வலர்களை நம்பியிருந்தது. ஏறக்குறைய 25 லட்சம் பேர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். அப்படி ஆள் திரட்டுவதற்கு மேடைப் பேச்சாளர்கள் தேவைப்பட்டார்கள். பாட்டம்லியைப் போலத் தொழிலாளியின் மொழியில் பேசக்கூடியவர் அரசுத் தரப்பில் குறைவு.

போர் முடிவதற்குள் 300க்கும் மேற்பட்ட கூட்டங்களில் பேசினார். ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டம் என்றால் காசு வாங்கமாட்டார். எண்ணிப் பார்த்தால் அவை கொஞ்சம்தான். மற்றவை ‘தேசபக்திச் சொற்பொழிவுகள்’. அவற்றுக்கு டிக்கெட் உண்டு, வசூலில் அவருக்குப் பங்கு உண்டு, அதுவும் பெரும்பங்கு.

சுற்றுப்பயணங்களுக்கு ஏற்பாடு செய்தவர் ஹெளஸ்டன்தான். போருக்குப் பின் அவர் எழுதி வைத்த விவரங்களில் என்னால் மறக்க முடியாத ஒன்று உண்டு. மேடை ஏறும் முன் இன்றைக்கு வசூல் எவ்வளவு என்று பாட்டம்லி கேட்பார். அதைப் பொறுத்துத்தான் பேச்சின் முடிவு அமையும். வசூல் சுமார் என்றால் சுருக்கமாக முடித்துக்கொள்வார். வசூல் நன்றாக இருந்தால் சமாதானப் பிரபுவான இயேசுவையும் பெத்லகேம் நட்சத்திரத்தையும் கொண்டுவந்து, கடவுளே நம் படைக்கு வழிகாட்டுகிறார் என்று குரல் தழுதழுக்க முடிப்பார். அரங்கமே எழுந்து நிற்கும். பெண்கள் கண்ணீர் விடுவார்கள்.

அந்த அரங்கில் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். போன வாரம்தான் தந்தி வந்த வீட்டுத் தாய் இருந்திருப்பார். அடுத்த வாரம் ரயிலேறப் போகும் பத்தொன்பது வயதுப் பையன் இருந்திருப்பான். அவர்களுக்கு அந்தக் கடைசிப் பகுதி ஆறுதலாக இருந்தது. பேசியவருக்கு அது கட்டண விகிதத்தில் ஓர் உருப்படி. அந்தத் தாயின் கண்ணீரில் பொய் இல்லை. அதனால்தான் அதற்கு விலை வைத்தது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மேடைக்கு வெளியே ‘சண்டே பிக்டோரியல்’ இதழில் 1915 முதல் வாராவாரம் கட்டுரை எழுதினார், கனமான சம்பளத்துக்கு. கிளைட் நதிக்கரைக் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது அவர்களிடம் பேசிச் சமாதானப்படுத்தப் பாட்டம்லியை அனுப்பினார்கள். 1917இல் பிரான்சில் போர்முனைக்கு அழைத்துப் போனார்கள். தளபதி ஹெய்க் அவருக்கு விருந்து கொடுத்தார், படைவீரர்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்கைப் பார்த்து வியந்தார். அவர் திவாலானவர் என்பதும், அவர் தொடங்கிய கம்பெனிகள் என்ன கதியாயின என்பதும் லண்டனில் ரகசியம் இல்லை. தெரிந்துதான் அழைத்தார்கள். மந்திரி பதவி தரும் அளவுக்கு நம்பவில்லை, ஜனங்கள் முன்னால் நிறுத்தும் அளவுக்கு நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கான விலையைக் கொடுத்தது ஜனங்கள்தான்.

துரோகிகளைக் காட்டிக்கொடுப்பவர்

1915 மே 7ஆம் தேதி லூசிடானியா பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தார்கள். லிவர்பூலிலும் லண்டனிலும் கலவரம் வெடித்தது. ஜெர்மானியப் பெயர் எழுதிய ரொட்டிக் கடைகளையும் இறைச்சிக் கடைகளையும் உடைத்து நொறுக்கிச் சூறையாடினார்கள். கடைக்காரர்களில் பலர் பல பத்தாண்டுகளாக அந்தத் தெருவிலேயே வாழ்ந்தவர்கள். சில வீடுகளில் பிள்ளைகள் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார்கள்.

அந்தக் கலவரம் அடங்குவதற்குள், மே 15ஆம் தேதி ‘ஜான் புல்’ இதழில் பாட்டம்லி எழுதினார்: பிரிட்டனில் இருக்கும் ஒவ்வொரு ஜெர்மானியர் மீதும் பழிவாங்க வேண்டும், குடியுரிமை வாங்கியவரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை. அவர்களை அழித்தொழிக்கலாம் என்ற அளவுக்கு அந்தக் கட்டுரை போனது. குடியுரிமை பெற்ற ஜெர்மானியர்கள் அடையாளச் சின்னம் அணிந்துதான் நடமாட வேண்டும் என்றும் கேட்டார். ‘ஜெர்மன்’ என்ற பேரையே திரித்து வசையாக்கி வாரம் தவறாமல் அச்சடித்தார். ஜெர்மானியர் மீதான சந்தேகம் பிரிட்டனோடு நிற்கவில்லை, பேரரசு முழுக்கப் பரவியது. நம் தரங்கம்பாடிப் பக்கம் பள்ளிக்கூடமும் அச்சகமும் நடத்தி வந்த லைப்சிக் மிஷன் பாதிரிமார்களும் அந்தக் காலத்தில் காவலில் வைக்கப்பட்டு நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள்.

அடுத்த குறி ராம்சே மெக்டொனால்ட். போரை எதிர்த்ததால் 1914 ஆகஸ்டிலேயே தொழிற்கட்சியின் நாடாளுமன்றத் தலைமையை விட்டு விலகியவர் அவர். எதிர்த்தாரே தவிர ஒதுங்கி உட்கார்ந்துவிடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் காயம்பட்டவர்களுக்கு உதவும் ஆம்புலன்ஸ் தொண்டர் குழுவில் சேர பெல்ஜியத்துக்கே போனார். ‘ஜான் புல்’ அவரைத் துரோகி என்றது, ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தச் சொன்னது. அது போதவில்லை என்று 1915 செப்டம்பரில் அவருடைய பிறப்புச் சான்றிதழின் நகலை அச்சிட்டது. மெக்டொனால்ட் திருமணமாகாத தாய்க்குப் பிறந்தவர், பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறு, ஆகவே அவர் பொய்ப் பெயரில் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது வாதம்.

மெக்டொனால்ட் அன்று ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தார். கையில் கிடைத்த இதழில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மணிக்கணக்கில் தாங்க முடியாத வேதனை என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய தாய் ஸ்காட்லாந்தின் லாசிமெளத் கிராமத்தில் பண்ணைவேலையும் தையல்வேலையும் செய்து அவரை வளர்த்தவர், இறந்து அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. போர்க் கொள்கையைப் பற்றிய ஒரு கேள்விக்குச் செத்துப்போன ஏழைத் தாயின் மானத்தைச் சந்திக்கு இழுத்துப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு லாசிமெளத்தில் இருந்த மோரே கோல்ஃப் கிளப் மெக்டொனால்டை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சொந்த ஊரிலேயே அந்த நிலை.

பாட்டம்லியின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘ஜான் புல்’ சிப்பாய்களின் குறைகளை விடாமல் எழுதியது. சம்பளம், ஓய்வூதியம், அதிகாரிகளின் கொடுமை என்று கடிதங்கள் வந்து குவிந்தன, இதழ் அவற்றைக் கையில் எடுத்தது. 1917 ஜனவரியில் போர்முனையைவிட்டு விலகியதாகச் சுட்டுக்கொல்லப்பட்ட எட்வின் டயட் என்ற இளம் கடற்படை அதிகாரிக்கு நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று 1918இல் அது வெளியிட்ட கட்டுரைகள் நாடாளுமன்றம் வரை அதிர்வை உண்டாக்கின. மற்ற பத்திரிகைகள் தொடப் பயந்த விஷயம் அது. சிப்பாய்களும் அவர்கள் வீட்டாரும் அவரை நம்பியதற்கு அசலான காரணம் இருந்தது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்வது அநியாயம். தங்களுக்காகப் பேச வேறு யாரும் இல்லாத இடத்தில் ஒரே ஒருவர் பேசினார். அவரிடம்தான் காசையும் கொடுத்தார்கள்.

வெற்றிப் பத்திரக் கழகம்

1918 டிசம்பர் பொதுத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு கடன்காரர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து திவால் நிலையிலிருந்து வெளியே வந்தார். சுயேச்சையாகத் தெற்கு ஹாக்னியில் நின்று பெருவாரியான வாக்குகளில் ஜெயித்தார்.

1919 கோடையில் அரசு போர்க் கடனைச் சமாளிக்க ‘வெற்றிப் பத்திரங்கள்’ வெளியிட்டது. முழு விலை கொடுத்து ஒரு பத்திரம் வாங்கச் சாதாரணத் தொழிலாளிக்கு வசதி இல்லை. பாட்டம்லி ஒரு திட்டம் அறிவித்தார். ஒரு பவுண்டு கட்டினால் போதும், கழகத்தில் உறுப்பினர். சேரும் பணம் எல்லாவற்றுக்கும் அரசுப் பத்திரம் வாங்கப்படும். வட்டியைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதில் குலுக்கல் முறையில் பெரிய பரிசுகளாகக் கொடுப்பார்கள். போட்ட முதல் எங்கேயும் போகாது, கேட்ட நேரத்தில் திரும்பக் கிடைக்கும். நாட்டுக்குக் கடன் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, அதிர்ஷ்டத்தைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று.

நம் ஊரில் சீட்டுக் கம்பெனி திடீரென்று மூடப்பட்ட தெருவில் வாழ்ந்தவர்களுக்கு இதன் மீதிக் கதையை விளக்க வேண்டியதில்லை. காசு மூட்டை மூட்டையாக வந்தது. தபாலில் பவுண்டு நோட்டை மடித்து வைத்து அனுப்பினார்கள். அதைப் பிரித்து, பெயர் எழுதி, ரசீது போடப் போதுமான குமாஸ்தாக்கள் இல்லை. உறுப்பினர் பதிவேடு ஒழுங்காக இல்லை. பணம் அனுப்பியும் பெயரே ஏறாதவர்கள் உண்டு. திருப்பிக் கேட்டு வந்த கடிதங்களில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்க்க வழி இல்லை. சரியான தணிக்கை கிடையாது. மொத்தமாக லட்சக்கணக்கான பவுண்டுகள் சேர்ந்தன, எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லும் நிலையில் கழகமே இல்லை.

அந்தப் பணத்தில் இரண்டு பத்திரிகைகள் வாங்கினார். பழைய கடன்களை அடைத்தார். குதிரைகளுக்கும் மாளிகைக்கும் செலவழித்தார். டாய்ச்லாந்து என்ற ஜெர்மன் நீர்மூழ்கியையும் வாங்கினார். 1916இல் சரக்கு ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் பால்டிமோர் போய்ச் சேர்ந்து பேர் வாங்கிய கப்பல் அது. பிறகு போர்க்கப்பலாக மாற்றப்பட்டு, போர் முடிந்ததும் பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் ஊராகத் துறைமுகங்களில் நிறுத்திக் கட்டணம் வாங்கிக் காட்டலாம் என்பது திட்டம். நீர்மூழ்கியால் பிள்ளையை இழந்த குடும்பம் நாட்டுக்குக் கொடுப்பதாக நினைத்து அனுப்பிய பவுண்டு, அந்த நீர்மூழ்கியைக் காட்சிப் பொருளாக வாங்கப் போயிருக்கிறது. அவர் செலவழித்த வேறெந்தத் தொகையும் என்னை இந்த அளவுக்குத் தொந்தரவு செய்யவில்லை.

அம்பலம்

அவரை மாட்டிவிட்டவர் உத்தமர் ஒன்றும் இல்லை. ரூபன் பிக்லண்ட், பர்மிங்காம் அச்சகக்காரர், ஒரு காலத்தில் பாட்டம்லியின் தோழர். தண்ணீரிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்ன திட்டத்துக்குப் பாட்டம்லி பணம் போட மறுத்ததில் இருவருக்கும் மனக்கசப்பு முற்றியது. 1921 செப்டம்பரில் பிக்லண்ட் துண்டுப் பிரசுரம் அச்சடித்துத் தெருவில் விற்றார். கழகம் ஒரு மோசடி என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

பாட்டம்லி அவதூறு வழக்கும், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்ததாக இன்னொரு வழக்கும் போட்டார். அந்த வழக்குகள்தான் அவருக்குக் குழி தோண்டின. குறுக்கு விசாரணையில் கழகத்தின் கணக்குகள் வெளியே வர ஆரம்பித்தன. 1922 ஜனவரியில் அவதூறு வழக்கு லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டபோது சாட்சி எதுவும் முன்வைக்காமல் பின்வாங்கினார். மிரட்டல் வழக்கிலும் பிக்லண்ட் விடுதலை. இதற்குள் நீதிமன்றம் கழகத்தின் விவகாரங்களைக் கவனிக்கப் பொறுப்பாளரை நியமித்திருந்தது. மார்ச்சில் பாட்டம்லிக்குச் சம்மன் வந்தது.

1922 மே 19இல் விசாரணை தொடங்கியது. நீதிபதி சால்ட்டர். அரசுத் தரப்பில் டிராவர்ஸ் ஹம்ஃப்ரீஸ். சுமார் 1,70,000 பவுண்டு கையாடல் என்று குற்றச்சாட்டு. வழக்கம்போலத் தானே வாதாடினார். ஒவ்வொரு நாளும் முற்பகலில் கால் மணி நேரம் இடைவேளை கேட்டார், ஹம்ஃப்ரீஸ் ஒப்புக்கொண்டார். அந்த இடைவேளையில் ‘மருந்து’ என்ற பெயரில் ஷாம்பெயின் குடிப்பார். அது இல்லாமல் அவரால் பேச முடியாத நிலை. என்னால் அல்ல, குடியால்தான் அவர் விழுந்தார் என்று ஹம்ஃப்ரீஸ் பின்னர் சொன்னார்.

கழகத்தின் பணத்தில் ஒரு பென்னிகூட நான் மோசடியாக எடுத்ததில்லை என்று கடவுள் பெயரில் ஆணையிட்டார். நான் பெற்றதைவிடத் திருப்பிக் கொடுத்ததும் செலவழித்ததும் 50,000 பவுண்டாவது அதிகம் என்றார். ஜூரிகளாக உட்கார்ந்திருந்த நடுவர்களைப் பார்த்து, நீதிபதியின் தலைக்கு மேல் தொங்கிய நீதியின் வாளைக் காட்டி, நீங்கள் எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் அந்த வாள் உறையிலிருந்து கழன்று விழும் என்று பேசினார். கண்ணீர் விட்டார். நாட்டுக்காகத் தான் ஆற்றிய சேவையை நினைவுபடுத்தினார். முந்நூறு மேடைகளில் பலித்த அதே பாணி. இங்கே கேட்டவர்கள் முன்னால் மட்டும் கணக்குப் புத்தகம் இருந்தது.

நடுவர்கள் 28 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். 24 குற்றச்சாட்டுகளில் 23இல் குற்றவாளி. நீதிபதி தண்டனை சொல்லும்போது, அவருடைய உயர்ந்த நிலை, ஏமாந்தவர்களின் எண்ணிக்கை, அவர்களுடைய வறுமை, அவர்கள் வைத்த நம்பிக்கை ஆகிய அனைத்தும் குற்றத்தைக் கடுமையாக்குகின்றன என்றார். தண்டனையைக் குறைக்க ஒரு காரணமும் தென்படவில்லை என்றார். ஏழு ஆண்டு கடுங்காவல். ஆகஸ்ட் 1ஆம் தேதி நாடாளுமன்றம் அவரை வெளியேற்றியது. 1927இல் விடுதலையானார், புதிதாகத் தொடங்கிய இதழ் எடுபடவில்லை, 1933இல் லண்டனில் இறந்தார். மெக்டொனால்ட் 1924 ஜனவரியில் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமராகப் பதவியேற்றபோது பாட்டம்லி சிறையில் இருந்தார்.

எங்கே கேள்வி கேட்டிருக்க வேண்டும்

பாட்டம்லிக்கு நாட்டின் மீது உண்மையிலேயே பற்று இருந்ததா என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் நிறைய அலசியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறை குறைவு. ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இருப்பதை வெளியிலிருந்து யாராலும் அளக்க முடியாது. அளக்கக்கூடியவை வேறு உண்டு. அவர் கேட்ட தியாகத்தில் அவருடைய பங்கு என்ன? வயது காரணமாகப் போருக்குப் போகாததைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாளத்தில் சேரச் சொன்ன அதே நாட்களில் அவருடைய வருமானம் கூடியது, குடி கூடியது, குதிரைகள் கூடின. நாட்டுக்காக அவர் விட்டுக்கொடுத்த பொருள் ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் கொடுத்ததில்தான் அவருடைய தேசபக்தி ஓடியது.

இன்னொன்று, கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது. மெக்டொனால்ட் போரைக் கேள்வி கேட்டார், பதிலாக அவருடைய பிறப்பு அச்சேறியது. பிக்லண்ட் கணக்கைக் கேட்டார், பதிலாக அவர் மீது இரண்டு வழக்குகள் பாய்ந்தன. 1915இல் துரோகிப் பட்டம் வேலை செய்தது. 1921இல் போர் முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்ததால் அது வேலை செய்யவில்லை. பாட்டம்லி 1922இல் இருந்ததைவிட 1915இல் யோக்கியர் என்று சொல்ல முடியாது. துலூஸ் பெண்மணியின் பரிசும் தங்கச் சுரங்கக் கம்பெனிகளும் போருக்கு முந்தையவை. போர்க் காலத்தில் அவற்றை நினைவூட்டுவதே தேச விரோதமாகத் தோன்றும் சூழலை அவரும் அவரைப் போன்றவர்களும் உருவாக்கினார்கள், அரசு அதில் குளிர் காய்ந்தது. ஆகஸ்ட் 4இல் போட்ட கோடு அவருடைய பழைய கணக்குகளுக்குத்தான் மூடுதிரையானது.

ஹெய்க்கும் மந்திரிகளும் பாட்டம்லியின் தண்டனைக்குப் பின் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசின் கையால் தட்டிக்கொடுக்கப்பட்ட முதுகு அது என்பதை, ஒரு பவுண்டு அனுப்பிய சுரங்கத் தொழிலாளி பார்த்திருந்தார். தளபதியே விருந்து வைக்கும் ஆள் நம்மை ஏமாற்ற மாட்டார் என்று அவர் நினைத்தது இயல்பு. அவர் இழந்ததில் அந்த விருந்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தண்டனை கிடைத்ததால் நீதி நடந்துவிட்டது என்று இந்தக் கதையை முடிப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அந்த 24 குற்றச்சாட்டுகளும் பணத்தைப் பற்றியவை. உடைந்த ரொட்டிக் கடைகளின் கண்ணாடித் துண்டுகளைத் தெருவில் கூட்டிக்கொண்டிருந்த வாரத்தில், இன்னும் அடியுங்கள் என்று எழுதியது அவற்றில் இல்லை. அண்டை வீட்டுக்காரர்களை அடையாளச் சின்னம் குத்திக்கொண்டு நடக்கச் சொன்னது இல்லை. ஒரு தாயின் பெயரைச் சந்தியில் போட்டது இல்லை. பெத்லகேம் நட்சத்திரத்துக்கு வசூல் பார்த்து விலை வைத்தது இல்லை. அன்றைய சட்டப்படி அவற்றில் எதற்கும் ஓல்ட் பெய்லியில் குற்றப்பத்திரிகை எழுத முடியாது. அவற்றுக்காக யாரும், அவர் உட்பட, எந்த மன்றத்திலும் பதில் சொல்லவில்லை.